கம்ப்யூட்டர் ஏன் கிளம்பவில்லை?

மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது. விசிறி சுற்றுகிறது. ஆனால் திரையில் கணக்கு வரவில்லை. பல பேருடைய உழைப்பு அதற்குள் இருக்கிறது. என்ன செய்வது?

ஹார்டு டிஸ்க்

கம்ப்யூட்டருக்குள் ஹார்டு டிஸ்க் என்ற பாகம் உண்டு. அது ஒரு பீரோ மாதிரி. நம் கணக்குகள் அதில் இருக்கும். கம்ப்யூட்டர் வேலை செய்வதற்கான கட்டளைகளும் அதில்தான் இருக்கும். அந்தக் கட்டளைகளைப் படிக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் கிளம்பாது.

புனேயில் இரண்டு சகோதரர்கள்

மகாராஷ்டிராவில் புனே நகரம் இருக்கிறது. அங்கே கைலாஷ் கட்கர் என்பவர் கால்குலேட்டர் பழுது பார்த்தார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் வைரஸ் பெரிய தொல்லையாக இருந்தது. இந்த வைரஸ் நோய்க்கிருமி அல்ல. கெடுதல் செய்வதற்காக மனிதர் எழுதிய கட்டளை. 1991-இல் மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது பிளாப்பித் தட்டு வழியாகப் பரவியது. ஹார்டு டிஸ்க்கின் முதல் பகுதியில் ஒளிந்திருந்தது. மார்ச் 6 அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் டிஸ்க்கில் இருப்பதை அழித்தது.

கைலாஷின் தம்பி சஞ்சய் கம்ப்யூட்டர் படித்தவர். வைரஸை நீக்கும் கட்டளைகளை அவர் எழுதினார். 1995-இல் அது குவிக் ஹீல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சிறிய பழுதுக் கடை பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. பென்டிரைவ் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சில சமயம் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்கை விட்டுவிட்டு அதைப் படிக்கப் பார்க்கும்.

2. உள்ளே வயர் கழன்றிருக்கலாம். தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

3. "டக் டக்" என்று சத்தம் வருகிறதா? உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் டிஸ்க் மேலும் கெடும்.

4. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டளைகளை ஏற்றினால் கம்ப்யூட்டர் ஓடலாம். ஆனால் கணக்கு போய்விடும். ஆகவே பழுது பார்ப்பவரிடம், "முதலில் கணக்கை எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள்.

5. வாரம் ஒரு முறை கணக்கை நகல் எடுங்கள். நகலை வேறு இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். கணக்கைக் கடையில் வாங்க முடியாது.

பதில் சொல்லுங்கள்

1. ஹார்டு டிஸ்க்கில் என்னென்ன இருக்கும்?
2. மைக்கலாஞ்சலோ வைரஸ் எப்படிப் பரவியது?
3. பழுது பார்ப்பவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்?
4. உங்கள் குழுவின் கணக்குக்கு நகல் இருக்கிறதா? அது எங்கே இருக்கிறது?