பெரிய தலைவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?



இந்த மாதச் சுவர் இதழில் எனக்கு 'பொது அறிவுப் பகுதி' வந்தது. கிரகங்கள், பறவைகள், விஞ்ஞானிகள் எல்லாம் மற்றவர்கள் எழுதி முடிச்சிட்டாங்க. என்ன எழுதுறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். எங்க ஆயா, "சாப்பாட்டைப் பத்தி எழுதுடி, எல்லாரும் நின்னு படிப்பாங்க" என்று சொல்லுச்சு. அதனால் நாட்டை ஆண்டவர்களும் நாட்டுக்காக உழைத்தவர்களும் என்ன சாப்பிட்டார்கள் என்று படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. நீங்களும் படியுங்கள்.

1. அமெரிக்க அதிபர்களின் விநோத ருசி

அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் (1981 – 1989) புகைப்பிடிக்கும் பழக்கத்தை விடுவதற்காக 'ஜெல்லி பீன்ஸ்' என்ற கலர் மிட்டாயைச் சாப்பிட ஆரம்பித்தார். அதிபர் ஆன பிறகும் கூட்டம் நடக்கும் மேசையில் மிட்டாய் ஜாடி இருக்குமாம். நம்ம வகுப்பில் மிட்டாய் தின்றால் வெளியே நிற்க வேண்டும்!

அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்) பச்சைப் பூக்கோசு மாதிரி இருக்கும் 'பிராக்கோலி' காயை அறவே வெறுத்தார். சின்ன வயசில் அம்மா கட்டாயப்படுத்தி ஊட்டினாராம். இப்போது நான் அதிபர், இனிமேல் சாப்பிட மாட்டேன் என்று 1990-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். உடனே அந்த ஊர் விவசாயிகள் டன் கணக்கில் பிராக்கோலியை அவருக்கே அனுப்பி வைத்தார்கள்.

லிண்டன் ஜான்சன் (1963 – 1969) வீட்டு மிளகாய்க் கறி ரொம்பப் பிரபலம். செய்முறை கேட்டுக் கடிதம் மேல் கடிதம் வந்ததால், அவர் மனைவி அதை அட்டையில் அச்சடித்தே கொடுத்துவிட்டார். ஜிம்மி கார்ட்டர் (1977 – 1981) வேர்க்கடலை விவசாயி. நம்ம திண்டிவனம் பக்கம் போனால் அவருக்கும் நம்ம ஊர் மாதிரியே இருந்திருக்கும்!

இது சிரிக்க. இனி வருவது சிந்திக்க.

2. உப்பை விட்டவர், உப்புக்காக நடந்தார்

காந்தியடிகள் தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது கஸ்தூரிபாய் அம்மையாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. உப்பையும் பருப்பையும் விட்டால் குணமாகும் என்று காந்தி நம்பினார். அம்மையார் கேட்கவில்லை. உங்களை விடச் சொன்னால் உங்களாலும் முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி அந்த இடத்திலேயே, ஒரு வருஷத்துக்கு உப்பும் பருப்பும் தொட மாட்டேன் என்று சபதம் எடுத்தார். அம்மையார் அழுது கேட்டும் சபதத்தை மாற்றவில்லை. இதை அவரே 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். பாலும் குடிப்பதில்லை என்று இன்னொரு விரதம். 1918-இல் ரொம்ப நோய்வாய்ப்பட்டபோது, கஸ்தூரிபாய் சொன்னதால்தான் ஆட்டுப்பால் குடித்தார்.

இப்போது ஒரு கேள்வி. உப்பே வேண்டாம் என்று இருந்தவர், 1930 மார்ச் 12-ஆம் தேதி சபர்மதியில் கிளம்பி 24 நாள் நடந்து தண்டிக்குப் போய் ஏன் உப்பு எடுத்தார்?

அவருக்காக எடுக்கவில்லை. அப்போது வெள்ளைக்கார அரசாங்கம் உப்புக்கு வரி போட்டிருந்தது. கடற்கரையில் தானாகக் காய்ந்து கிடக்கும் உப்பை அள்ளினால்கூடக் குற்றம். பணக்காரனுக்கு அந்த வரி பெரிசில்லை. கூழ் குடிக்கிற ஏழைக்கு அது பெரிய சுமை. தன் நாக்குக்கு உப்பு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முடிந்தது. ஏழையின் கூழில் உப்பு இல்லாமல் போவதைப் பொறுக்க முடியவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

3. மரக்கிளையில் தொங்கிய சோறு

தண்டி குஜராத்தில் இருக்கிறது. நம்ம தமிழ்நாட்டில் ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் இருந்து சுமார் 100 பேரோடு வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ஏப்ரல் 28-இல் போய்ச் சேர்ந்தார்கள். ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளிக் கைதானார்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்தார். வெயில் காலம். 100 பேர் பட்டினி கிடந்தால் தானாகத் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தார்.

ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டி ரோட்டோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் பெரிய பாத்திரங்களில் சாப்பாட்டைப் புதைத்து வைத்து, இடத்துக்கு அடையாளமும் காட்டினார்கள். யார் வைத்தது என்று எப்படிப் பிடிப்பது? மரம்தான் சோறு போட்டது என்று மரத்தையா ஜெயிலில் போட முடியும்? எனக்கு இந்தக் கட்டுரையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

4. கலாம் ஐயாவின் சப்பாத்தி

நம்ம குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை இருந்த அப்துல் கலாம் ஐயா, ராமேஸ்வரத்தில் பிறந்தவர். நம்மைப் போலக் கடற்கரைப் பிள்ளை. சின்ன வயசில் சமையலறைத் தரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வாழை இலையில் சோறும் மணக்கிற சாம்பாரும் வீட்டு ஊறுகாயும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டதை 'அக்கினிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். அவர் அப்பா தினமும் அதிகாலைத் தொழுகை முடிந்து தென்னந்தோப்புக்கு நடந்து போய், ஒரு டஜன் தேங்காயைத் தோளில் போட்டு வருவாராம். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எல்லாம் ரேஷன். ஒரு நாள் அம்மா சப்பாத்தி போடப் போட, கலாம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அண்ணன் தனியாகக் கூப்பிட்டு, அம்மா தன் பங்கையும் உனக்கே போட்டுவிட்டார் என்று சொன்னார். கலாம் ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

இன்னொன்று. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒரு நாள் கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஐயரின் மனைவி, வேறு மதத்துப் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வா என்றார். அடுத்த முறை போனபோது, அந்த அம்மாவே கலாமை உள்ளே அழைத்துப் போய்த் தன் கையால் பரிமாறினார். ஒரு வாரத்தில் ஒரு சமையலறையின் கதவு திறந்துவிட்டது!

2006-இல் கலாம் ஐயாவின் சொந்தக்காரர்கள் ஐம்பது பேர் போல டெல்லி மாளிகையில் வந்து தங்கினார்கள். அவர்களுடைய தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுத் தன் சொந்தப் பணம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டினார்.

5. தலைவர்களின் பசியும் நம் மதிய உணவும்

1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிறகு 1956-இல் முதலமைச்சர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். அவர் சின்ன வயசிலேயே அப்பாவை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். 1982 ஜூலை 1-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அவரும் கும்பகோணத்தில் பசியோடு வளர்ந்தவர். 1989-இல் கலைஞர் காலத்தில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதுரையில் தொடங்கியது. என் தம்பி இப்போது ரவா உப்புமா, பொங்கல் எல்லாம் பள்ளியிலேயே சாப்பிடுகிறான்.

பசி தெரிந்தவர்கள் பதவிக்கு வந்ததும், பசியை மறக்கவில்லை.

6. நம்ம ஊர், 2000 வருஷத்துக்கு முன்னால்

பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு நமக்கு வடக்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் வரும் 'எயிற்பட்டினம்' நம்ம மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அங்கே போனால் பரதவர்கள் சுட்ட மீன் கொடுத்து உபசரிப்பார்கள் என்று பாட்டில் வருகிறது. நல்லியக்கோடன் என்ற அரசன் தங்கப் பாத்திரத்தில் விருந்து போடுவான்.

ஆனால் எங்கள் தமிழம்மா எனக்குக் காட்டியது வேறு இடம். அதில் ஒரு பாணர் வீடு. கூரை இடிந்து, சுவரில் காளான் பூத்திருக்கிறது. அடுப்படியில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. அந்த வீட்டு அம்மா குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புப் போட வழியில்லாமல் வேக வைக்கிறாள். யாராவது பார்த்தால் வெட்கம் என்று கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏன் என்றால், நானும் கதவைச் சாத்தியவள்.

7. என் தட்டு

எங்கம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார். வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். பாத்தியில் காய்ந்த உப்பை வாரி, கூடையில் தலைச்சுமையாகத் தூக்கிப் போய்க் குவிக்க வேண்டும். தூக்கில் கேழ்வரகுக் கூழ், கூட ஒரு வெங்காயம், பச்சை மிளகாய், இருந்தால் சுட்ட கருவாடு. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் எல்லாம் வெடிப்பு. ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் பாத்தி கரைந்து போகும், வேலையும் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "பெரிய பொண்ணாயிட்ட, இன்னுமா தட்டு தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கிற?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் சத்துணவுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரம். கணக்குப் பாடத்தில் தலை சுற்றும். மாதத் தேர்வில் என் மார்க் என்ன ஆனது என்று கணக்கு சாருக்குத் தெரியும்.

வீட்டில் எப்படியோ தெரிந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. "உப்பு வாருறவ பொண்ணு நீ. நாங்க வாருற உப்பு இல்லாம எந்தப் பெரிய மனுஷன் வீட்டுச் சோறு எறங்குது சொல்லு? அது யாரும் போடுற பிச்சை இல்லடி, உனக்குன்னு வந்த சோறு. போய் வயிறார சாப்புடு" என்றார்.

மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கை நடுங்கியது உண்மை. சத்துணவு ஆயா ஒன்றும் கேட்கவில்லை. முட்டையை உரித்து வைத்து, "எங்கடி ஆளையே காணோம்?" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள், என்னைக் கேலி செய்தவளே என் பின்னால் வந்து நின்றாள். அவளும் அத்தனை நாள் பசியோடுதான் இருந்திருக்கிறாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தட்டு கழுவுகிறோம். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

செய்து பாருங்கள்: தேங்காய்ச் சட்னி (எங்கம்மா கைப்பக்குவம்)

தேங்காய் ஒரு மூடி, பச்சை மிளகாய் 3, பொட்டுக்கடலை 2 ஸ்பூன், கொட்டைப் பாக்கு அளவுக்கும் குறைவாகப் புளி, தேவையான உப்பு. எல்லாவற்றையும் அம்மியிலோ மிக்ஸியிலோ கெட்டியாக அரைக்கவும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். கூழுக்கும் நல்லாயிருக்கும், இட்லிக்கும் நல்லாயிருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

* ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன.
* பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.
* அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். அதனால் அயோடின் கலந்த உப்பை மூடி போட்ட டப்பாவில் வைக்கவும்.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்

1. ராஜாஜி எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்கு நடந்தார்?
2. சத்துணவுத் திட்டம் தொடங்கிய தேதி என்ன?
3. எயிற்பட்டினம் எந்த நூலில் வருகிறது?

(சரியான பதிலை முதலில் சொல்பவருக்கு என் பேனா ஒன்று பரிசு. புதுசு, இன்னும் எழுதவில்லை.)

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். உப்பைப் போட்டவரை நினைக்கும்போது, வெயிலில் நின்று உப்பை வாரியவரையும் கொஞ்சம் நினையுங்கள். மதிய மணி அடித்ததும் தட்டோடு வாருங்கள். வரிசையில் நான் இருப்பேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி