இளைப்பு நோயும் மருந்தின் விலையும்

உணவின்றி மனிதன் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் உயிர் தரித்திருத்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்களும் இருத்தல் அரிது. அம்மூச்சைத் தடுக்கும் ஆஸ்துமாவைக் குறித்தும், அதற்குரிய மருந்தை எளியோர் பெறும் வழியைக் குறித்தும் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

நெல்லையினின்று மதுரை செல்லும் பெருவழியில், தாழையூத்துக்கு வடக்கே உள்ளது கங்கைகொண்டான். வயலும் புன்செயும் ஒருபால், சிப்காட் தொழிற்பேட்டை ஒருபால் என அமைந்த ஊர் அஃது. இத்தகைய ஊர்களில் நாட்கூலியால் வாழ்வோர் பலர். இளைப்பு, இழுப்பு, வீசிங் எனப் பல பெயரால் மக்கள் வழங்கும் இந்நோய் இரவிலும் விடியலிலும் மிகும். மிகுந்தபொழுது கடையில் இரண்டு மாத்திரை வாங்குதலும், அதற்கும் தணியாவிடில் ஊசி போட்டுக்கொள்ளுதலும், தணிந்தபின் மருந்தை மறத்தலும் எளியோரிடையே காணும் வழக்கம். வறுமை கற்பித்த சிக்கனம் இது. ஆயினும் இச்சிக்கனமே பெருஞ்செலவுக்கும், சிலபோது உயிரிழப்புக்கும் வழியாகின்றது.

உலகின் ஆஸ்துமா நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவர் இந்தியாவில் உள்ளனர். அந்நோயால் நேரும் இறப்புகளிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை இங்கு நிகழ்வன என மதிப்பிட்டுள்ளனர். நோயின் அளவை விட இறப்பின் அளவு இத்துணை மிகுதற்குத் தக்க மருந்து இடைவிடாது கிட்டாமை ஒரு பெருங்காரணமாகும்.

இந்நோயில் மூச்சுக்குழல்களுக்கு இரண்டு தீங்கு நேர்கின்றன. குழலின் உட்புறம் அழன்று வீங்குதல் ஒன்று. அதனைச் சூழ்ந்த தசை இறுகுதல் மற்றொன்று. சால்புடமால் என்னும் மருந்து இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், வீக்கத்தை ஆற்றாது. வீக்கத்தை ஆற்றுவது புடெசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதன் பயன் உடனே தோன்றாது. நாள்தோறும் இழுத்துவரின் சில வாரங்களில் நன்கு விளங்கும். உடனே சுகம் தருவதை வாங்கி, உள்ளே இருந்து காப்பதைக் கைவிடுதல், குளத்துக் கரையைச் செப்பனிடாது, உடைப்பெடுத்த இரவில் மண்மூட்டை தேடுவதனை ஒக்கும். ஆகலின் ஆஸ்துமாவுக்கான உலக முன்முயற்சி என்னும் வல்லுநர் குழு, வளரிளம் பருவத்தினரும் பெரியோரும் சால்புடமாலை மட்டும் நம்பியிருத்தலாகாது என 2019-ஆம் ஆண்டு முதல் அறிவுறுத்துகின்றது.

இனி விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சால்புடமால் இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வெளிவருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். எனவே ஒரு மாத்திரை நாற்பது அழுத்தங்களுக்குச் சமமான மருந்தை உடலில் சேர்க்கின்றது. அஃது இரத்தத்தின் வழியே சுற்றி நுரையீரலை அடைதலின், கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாகின்றன. இன்ஹேலரோ வேண்டும் இடத்துக்கே சிறிதளவு மருந்தைச் செலுத்துகின்றது.

மற்றொரு கணக்கு. 200 அழுத்தங்கள் கொண்ட புடெசொனைடு இன்ஹேலர் ஒன்றன் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலை இரண்டு, மாலை இரண்டு என மருத்துவர் விதித்திருப்பின் அது 50 நாட்களுக்கு வரும். நாளொன்றுக்கு ஆறு ரூபாய். ஒரே தவணையில் கொடுக்க வேண்டியிருத்தலால் 300 ரூபாய் மலைபோல் தோன்றுகின்றது. மூச்சு முட்டிய ஒரு நாளில் இழக்கும் கூலியையும், வண்டிச் சத்தத்தையும், ஊசிக்குரிய செலவையும் கூட்டிப் பார்ப்பார்க்கு எது மலிவு என்பது விளங்கும்.

விலை தானே குறைந்ததன்று. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கன்றி, அதைச் செய்யும் முறைக்கே உரிமை அளித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் பல மருந்துகளை மலிவாகச் செய்தன. 2005-இல் பொருளுக்கும் உரிமை மீண்டது. 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை வகுக்கப்படுகின்றது. சால்புடமால், புடெசொனைடு, புடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த கலவை ஆகியன அப்பட்டியலில் உள்ளன. எனினும் உச்ச விலை உயர்தலும் உண்டு: 2024 அக்டோபரில் சால்புடமால் மாத்திரை உள்ளிட்ட எட்டு மருந்துகளுக்கு அது நூற்றுக்கு ஐம்பது வீதம் உயர்த்தப்பட்டது. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் இன்ஹேலர் விலை தாங்கொணாதாகி, 2024-இல் மூன்று பெரிய நிறுவனங்கள், நோயாளர் பலர் தம் கையிலிருந்து தரும் தொகை மாதம் 35 டாலருக்கு மேற்படாது என அறிவிக்க நேர்ந்தது.

நம் மாநிலத்தில் 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றது. அங்கே அவற்றுக்கு விலையில்லை. ஆதலின் கங்கைகொண்டானில் உள்ளார், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்ஹேலர் உண்டா என்று முதற்கண் கேட்டறிதல் வேண்டும். இல்லையெனின், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் பொதுப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்குத் தேடலாம். எழுதிய மருந்து விலைமிக்கதாயின், "ஐயா, பட்டியலில் உள்ள வேறொன்று ஏற்குமா?" என மருத்துவரைக் கேட்டல் குற்றமன்று. கேளாது மருந்தை நிறுத்துதலே தீங்கு.

மருந்தை வீணாக்காமையும் சிக்கனமே. சிறுவர் இன்ஹேலரை நேரே இழுப்பின் பெரும்பகுதி தொண்டையில் தங்கிவிடும்; ஸ்பேசர் என்னும் குழாய் அதனைத் தடுக்கும். அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் இன்ஹேலர் வாய் இறுகப் பொருந்துமாறு துளையிட்டுச் செய்த கருவி, விலைகொடுத்து வாங்கும் ஸ்பேசரைப் போலவே பயன் தந்ததெனத் தென்னாப்பிரிக்க மருத்துவர் 1999-இல் வெளியிட்டனர். ஸ்டீராய்டு மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புதல் வேண்டும். பேச இயலாது மூச்சு முட்டினும், உதடு நீலம் பாரிப்பினும் காலந்தாழ்த்தாது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

நம் மாணவருள் பலர் இத்தகைய சிற்றூர்களினின்று வருவோர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், இளைப்பால் வருந்தும் பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்து, பொதுப்பெயரைக் கண்டு, நாட்கணக்கில் விலையைக் கூட்டிச் சொல்லுதல் அவர்க்கு அரியதன்று. நாம் கற்ற கணக்கு அவர் வீட்டில் ஒருவர் இரவில் அமைதியாய் உறங்கத் துணைசெய்யுமாயின், அக்கல்வி பயன்பட்டதேயாம்.