தோப்பு மனையாகும்போது மரங்களைக் காக்கச் சில குறிப்புகள்

1. வீட்டின் வரைபடம் தயாராகும் முன்பே, மனையில் நிற்கும் மரங்களுள் எவற்றைக் காப்பது என முடிவு செய்து வரைபடத்தில் குறிக்கவும். அடித்தளம் தோண்டிய பின் மரத்துக்காகச் சுவரை நகர்த்த எவரும் முன்வருவதில்லை.

2. தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, அதை 3.14ஆல் வகுத்தால் கிடைக்கும் விட்டத்தைப் போல் 12 மடங்கு தொலைவில், அதாவது 50 செ.மீ. விட்டமுள்ள வேம்புக்கு 6 மீட்டரில், சுற்றிலும் வேலி அடைக்கவும். நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் 60 செ.மீ. மண்ணிலேயே கிளைப்பரப்பையும் தாண்டிப் படர்வதால், ஆணிவேர் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

3. வேலிக்குள் பொக்லைனையோ லாரியையோ செங்கல், எம்சாண்ட் குவியலையோ விட வேண்டாம். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டா. கலவைச் சட்டி கழுவிய நீரையும் அங்கே கொட்டலாகாது, சிமென்ட்டின் காரம் வேரைக் கருக்கும்.

4. மனையை உயர்த்தும்போது மரத்தடியைப் பழைய மட்டத்திலேயே விடவும். மண் மேடிட்டால் வேர் மூச்சுத் திணறும், புதைந்த பட்டை அழுகும்.

5. குழாய்ப் பள்ளத்தைக் கையால் தோண்டி, பருத்த வேர்களை அறுக்காமல் அவற்றின் அடியில் குழாயை நுழைக்கவும்.

6. குடிபுகுந்த பின்னும் சில கோடைகளுக்கு நீர் பாய்ச்சி, உச்சிக் கிளைகள் காய்கின்றனவா எனக் கவனிக்கவும். வேர் சிதைந்த மரம் பட்டுப்போகச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.