வெங்காயப் பட்டறையும் ஒரு 'ற'வும்

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்; செல்போன் வராது. அது அப்பா அம்மாவோடு வெங்காயக் காட்டிலோ மக்காச்சோளக் காட்டிலோ இருக்கும். தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. இருபது பிள்ளைகளுக்கு என்னுடைய ஒரே போன்.

திட்டம் தொடங்கியது 2021 அக்டோபரில். கொரோனாவில் நீண்ட நாள் வீட்டிலேயே கழிந்துபோக, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் என்னிடம் வந்தான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலை நிமிராது, வாய் திறக்காது. கூகுளின் ரீட் அலாங் செயலியைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்க அது கேட்டுக்கொண்டே வரும். தெரியாத சொல்லின் மேல் விரல் வைத்தால் தியா என்கிற பொம்மைப் பெண் உச்சரித்துக் காட்டுவாள். கதைகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை. எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: "தப்பா படிச்சா இது சிரிக்குமா அக்கா?"

சிரிக்காது என்றேன். அன்றைக்குத்தான் அவன் குரலை முதன்முதலாகக் கேட்டேன். அவன் வாயை அடைத்து வைத்திருந்தது எழுத்து அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் சிரிப்பு.

அதனால் போனைக் கூட்டத்துக்கு நடுவில் வைப்பதை விட்டேன். இரைச்சலில் மைக்குக்கும் சரியாகக் கேட்காது. கோயில் மண்டபத்தின் பின்படியில், இன்று சிலர் நாளை சிலர் என்று முறைவைத்து, ஒவ்வொருவராகப் போய் உட்கார வேண்டும், ஆளுக்குப் பத்து நிமிடம். மற்றவர்கள் கையில் காகிதப் புத்தகம் இருக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். திறந்த உரிமம் என்பதால் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பின் அடித்துக் கொடுக்கலாம். கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நிலைக் கதை தேவைப்படலாம். அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

2022 ஜூனில் ரீட் அலாங் செயலியை வைத்துப் பன்னிரண்டு நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. தமிழகம் முழுக்க 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாசித்தார்கள். பக்கத்து மாவட்டத்து லால்குடி வட்டாரம் முதலிடம் பிடித்தது. நானும் சொற்களின் எண்ணிக்கையைத் துரத்தினேன். நான்காம் நாள் ஒரு பிள்ளையிடம், "அந்த முயல் ஏன் ஒளிஞ்சுக்கிச்சு?" என்று கேட்டேன். கடகடவென்று வாசித்து முடித்தவள் திருதிருவென்று விழித்தாள். என் அவசரம் அவளைத் தொற்றியிருந்தது. அன்றிலிருந்து பத்து நிமிடம் வாசிப்பு என்றால் இரண்டு நிமிடம் பேச்சு. அந்த இரண்டு நிமிடத்தில் போன் என் மடியில் கவிழ்ந்து கிடக்கும்.

சினிமாப் பாட்டையும் விடவில்லை. பேசும் மொழியிலேயே திரையில் வரிகளை ஓடவிட்டால் வாசிப்பு வளரும் என்ற யோசனையை 1996இல் அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்தார். தூர்தர்ஷனில் ஒளிபரப்பியும் பார்த்தார்கள். இன்று வரிகளோடு வரும் பாட்டு வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு சங்கடம், மனப்பாடமான பாட்டென்றால் கண் எழுத்துக்கே போகாது. முதல் முறை பாட்டோடு, இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு நடுவில் ஒரு வரியில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். உண்மையில் யார் வாசிக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது குரல்வழித் தட்டச்சு. போனில் ஏற்கெனவே இருப்பதுதான், தனியாக எதையும் இறக்க வேண்டாம். பிள்ளை தன் வீட்டுக் கதையை ஒரே ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். திரையில் எழுத்தாக வருவதைத் தானே வாசித்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க தாத்தா பட்டறையில வெங்காயம் கொட்டி வச்சிருக்காரு" என்றாள். திரையில் 'பட்டரை' என்று வந்தது. மூக்கு முட்டுகிற அளவுக்குப் போனைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க பட்டறை இல்ல அக்கா, வேற 'ர' போட்டிருக்கு" என்றாள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருக்கிறேன். தாத்தாவின் பட்டறை என்றதும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். திருத்திய வாக்கியத்தை நோட்டில் எழுதவைத்தேன். அதுவே அவளுடைய மறுநாள் பாடம்.

அவள் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வாரம் ஒரு கதையை வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறாள். ஒரே மூச்சில் அனுப்பவிடாமல், பதிவானதை முதலில் அவளையே கேட்கச் சொல்வேன். திக்கிய இடம் அவள் காதுக்கே தெரியும். "இன்னொரு தடவை அக்கா" என்று போனைப் பிடுங்கிக்கொள்வாள். நான் சொல்லித் திருத்தியதைவிட அவளே கேட்டுத் திருத்திக்கொண்டது அதிகம்.

போன வாரம் கதை நீளம், பாதியில் மணி ஏழாகிவிட்டது. படித்தவரைக்கும் அனுப்பினோம். மறுநாள் என் போனில் அவள் அப்பாவின் குரல் வந்திருந்தது: "அந்த ஆட்டுக்குட்டி வீடு வந்து சேந்துச்சா இல்லையா தங்கம்?" அன்றைக்கு அவள் நான்கரைக்கே வந்துவிட்டாள்.