சுமை எங்கே இறங்குகிறது?

பாதத்துக்கு அச்செடுத்துச் செய்யும் இன்சோலைப் பற்றி விசாரிக்கும் ஓட்ட நண்பர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். அது காலில் இறங்கும் சுமையைத் துளியும் குறைக்காது. தலைச்சுமையை இடுப்புக்கு மாற்றிக்கொள்வதுபோல, ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். ஆகவே, உங்கள் காலில் சுமை இப்போது எங்கே குவிகிறது, அது எங்கே போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

என் பாதம் வளைவு உயர்ந்தது. காலை நனைத்துச் சிமென்ட் தரையில் ஊன்றி எடுத்தால் குதிகாலும் முன்பாதமும் பதியும். இரண்டையும் இணைக்க வெளிவிளிம்பில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் உண்டு. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறோம். அத்தனையையும் என் குதிகாலும் விரல்களுக்குக் கீழுள்ள மேடும் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தன. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நீண்ட தூரம் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில், மாலைவரை முன்பாதம் எரியும். அச்சு இன்சோல் போட்ட பிறகு நடுப்பாதமும் தன் பங்கை ஏற்கத் தொடங்கியது. எரிச்சல் படிப்படியாக அடங்கியது.

என்னைப் போன்ற பாதத்துக்கு இது உதவும் என்பதற்கு ஆய்வின் ஆதரவு உண்டு. 2006-இல் ஆஸ்திரேலியாவில் ஜோஷுவா பர்ன்ஸ் குழுவினர், வளைவு உயர்ந்து வலிக்கும் பாதம் உள்ள 154 பேரிடம் சோதித்தார்கள். அச்செடுத்த இன்சோல் போட்டவர்களுக்கு, பெயருக்குக் கொடுத்த போலி இன்சோல் போட்டவர்களைவிட வலி தெளிவாகக் குறைந்தது. அதே ஆண்டு, அதே நாட்டில் கார்ல் லான்டோர்ஃப் குழுவினர் குதிகால் வலிக்காரர்கள் 135 பேரிடம் செய்த சோதனை வேறு விதமாக முடிந்தது. அச்செடுத்ததும் கடையில் கிடைக்கும் ஆயத்த இன்சோலும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. ஓராண்டு கழிந்தபோது போலி இன்சோலுக்கும் அவற்றுக்கும்கூட வித்தியாசம் மங்கிவிட்டது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தும் வலிதான் உங்கள் பிரச்சினை என்றால், நல்ல ஆயத்த இன்சோல் ஒன்றைச் சில வாரம் போட்டுப் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் செலவழிக்க அதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது.

அச்செடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான விஷயம் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் பாதத்துக்கென்றே தனி மருத்துவர்கள் அரிது. செயற்கைக்கால், காலிப்பர் செய்யும் ஆர்த்தோட்டிஸ்டுகள்தான் பெரும்பாலும் இதையும் செய்கிறார்கள். மென்மையான நுரைப்பெட்டியில் காலை அழுத்தி அச்செடுப்பது பரவலான முறை. எழுந்து நின்று முழு எடையோடு மிதித்தால், எடையில் தட்டையான பாதம்தான் அச்சில் பதியும். அதன்மேல் செய்த இன்சோல் வளைவைத் தாங்காது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலைச் செங்குத்தாக வைத்து, கணுக்கால் உள்ளேயோ வெளியேயோ சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலை மெல்ல அழுத்தினார் ஆர்த்தோட்டிஸ்ட். பிறகு முன்பாதத்தை, கடைசியில் விரல்களை அழுத்தினார். அவசரப்படவே இல்லை. அந்த நிதானத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஓடுகிற ஷூ, மலையேறும் ஷூ இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். தேய்ந்த பழைய ஜோடி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அவர் நிறையத் தெரிந்துகொள்வார்.

ஓவனில் சூடாக்கிக் காலில் போட்டு நின்று வடிவம் கொடுக்கும் இன்சோல்களும் கிடைக்கின்றன. அடுப்பு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. சாதாரணப் பாதங்களுக்கு இவை போதுமானவை. என்னுடையதுபோல் வளைவு மிக உயர்ந்த பாதத்தின் அடிவரை இவை எழும்பி வருவதில்லை.

புது இன்சோலைப் பழைய உள்ளட்டையின் மேல் வைத்துவிடாதீர்கள். ஷூவோடு வந்ததைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் குதிகால் மேலே எழும்பி, ஒவ்வொரு அடிக்கும் பின்பக்கம் உரசும். உள்ளே வைத்ததும் நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்த ஷூவுக்கு அது பொருந்தவில்லை. பெருவிரலுக்குக் கீழே கெட்டியான தகடு நீண்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அடி எடுத்து வைக்கையில் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது உள்ளங்காலின் தசைநார் இறுகி, பாத வளைவு தானாக உயர்கிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-இலேயே விளக்கிய ஏற்பாடு இது. ஓட்டத்துக்கான இன்சோல் பெருவிரலை மடங்க விட வேண்டும்.

பழக்கும் காலத்தில் பலர் பொறுமை இழக்கிறார்கள். சுமை இடம் மாறுகிறது என்றேன் அல்லவா? மாறிப் போகும் இடம் அதுவரை சுமை அறியாத இடம். எனவே முதல் நாள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டி, முழு நாளும் உறுத்தாமல் போட முடிந்த பிறகே ஓட்டம். அதிலும் முதலில் மெதுவான, குறுகிய ஓட்டங்கள் மட்டும். கெண்டைக்காலிலும் நடுப்பாதத்திலும் மந்தமான அசதி வந்தால் கவலை வேண்டாம், ஓரிரு நாளில் போகும். ஒரே புள்ளியில் குத்தினாலோ, விரல்கள் மரத்தாலோ, முழங்காலில் புதிதாக வலி தோன்றினாலோ கழற்றிவிட்டு ஆர்த்தோட்டிஸ்டிடம் போங்கள். விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தாலே சரியாகிவிடுவதுண்டு. இந்தத் திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. வளைவுக்குக் கீழே கொப்புளம் வந்தால் பெரும்பாலும் காலுறையே காரணம். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலை உரசும்.

ஓட்டத்துக்கும் மலைக்கும் ஒரே இன்சோலா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் இரண்டு இருப்பது உத்தமம். ஓட்டத்துக்கு லேசான ஈ.வி.ஏ. நுரையால் ஆனது போதும். மலையில் முதுகுப்பையின் எடையும் சேர்கிறது; பல மணி நேரம் கரடுமுரடான கல்லில் கால் புரள்கிறது. அங்கே கெட்டியான பாலிபுரோப்பிலீன் தகடும், குதிகாலைக் கிண்ணம்போல் ஏந்தும் ஆழமும் வேண்டும்.

கர்நாடகத்தின் குமாரபர்வதம் இதற்குக் கடுமையான பரீட்சை. குக்கே சுப்பிரமணியாவிலிருந்து 1,712 மீட்டர் உச்சிவரை ஏறினால் ஏற்றம் மட்டும் 1,500 மீட்டருக்கு மேல். ஏறும்போது இன்சோலின் அருமை அவ்வளவாகத் தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும். பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி விரல்நுனி ஷூவில் மோதும். நகம் கறுத்துப்போவது இப்படித்தான். குதிகால் கிண்ணத்தில் நிலையாக உட்கார்ந்தால் இந்தச் சறுக்கல் வெகுவாகக் குறைகிறது. மேலே உள்ள கடைசித் துளையில் நாடாவை வளையமாகக் கோத்து, அதற்குள் மறுபக்க நாடாவை நுழைத்து இறுக்கிக் கட்டுவதும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும். கால் பிற்பகலில் வீங்கும் என்பதால் மலை ஷூவை மாலையில், இன்சோலையும் தடித்த காலுறையையும் போட்டுப் பார்த்தே வாங்குவேன். வெள்ளியங்கிரியில் பலர் வெறுங்காலோடுதான் ஏறுகிறார்கள். நானும் அங்கே அப்படித்தான். பூண்டி அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி அங்கே எனக்கு இன்சோலின் இடத்தில் நிற்கிறது. காலுக்குரிய சுமையில் ஒரு பங்கைத் தோளும் கையும் வாங்கிக்கொள்கின்றன.

சென்னை வியர்வையில் இன்சோல் சீக்கிரம் நாறும். ஓடி வந்ததும் வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் நுரை இளகி வடிவம் மாறக்கூடும். கடற்கரைப் பக்கம் ஓடுபவர்கள் அடியில் சேரும் மணலை அடிக்கடி தட்டிவிட வேண்டும். மேலுறை கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தகடு பல ஆண்டு உழைக்கும்.

தாங்கி இருக்கிறதே என்று பாதத்தின் தசைகளைச் சும்மா விடக் கூடாது. 2014-இல் டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழுவினர் குதிகால் வலி உள்ள 48 பேருக்கு ஷூவுக்குள் வைக்கும் தாங்கி கொடுத்தார்கள். பாதிப் பேர் நீட்டிப்புப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, படியில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கினார்கள். மூன்று மாதத்தில் இரண்டாவது குழு நன்றாகவே முந்தியிருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யும் பயிற்சி அது. ஓட்டம் இல்லாத நாட்களில் நானும் செய்கிறேன்.

நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் இதையெல்லாம் தாமாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வந்த புண்களைக் கவனித்தார். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்துவதே அவற்றுக்குக் காரணம் என்பதை நிறுவினார். சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்கு மருத்துவர்கள் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பை எழுதித் தருவதும் அந்த அழுத்தத்தைப் பரப்பத்தான். இன்சோல் எங்கே உறுத்துகிறது என்று உணர முடியாத காலுக்கு மேலே சொன்ன பழக்கும் முறை பயன்படாது. மருத்துவர் பார்த்து அளவெடுக்க வேண்டும். புது இன்சோல் போட்ட நாட்களில் மாலைதோறும் உள்ளங்காலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.