பட்டாசு லோடுக்கு வழி பார்க்கும்போது

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசோ தீப்பெட்டியோ ஏற்றிக்கொண்டு முதல் தடவையாக வெளியூர் கிளம்பும் தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன்.

1. கிலோமீட்டரை வைத்து வழியை முடிவு செய்யாதீர்கள். போன் காட்டும் குறுக்குவழி, உங்கள் வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் கேட்டுக்கொண்டு காட்டுவதல்ல. வடக்கே போகிறவர்கள் சாத்தூரிலும், தெற்கே போகிறவர்கள் கோவில்பட்டியிலும் நாலுவழிச் சாலையைப் பிடியுங்கள். டீசல் கூடுதலாகிறது என்று முதலாளி சொன்னால், காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

2. உயரம்தான் நம் லோடின் பெரிய சிக்கல். தீப்பெட்டி பண்டல் எடை குறைவு. அதனால் அடுக்கு ஏறிக்கொண்டே போகும். தார்ப்பாய் கட்டி முடித்தபின் டேப் பிடித்து அளந்து, அந்த அளவை எழுதி ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். மின்பாதை போட்ட ரயில்வே கேட்டுகளில் 4.67 மீட்டரில் தடுப்புச் சட்டம் இருக்கும். அதற்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகள் இன்னும் தாழ்வு, மழை பெய்தால் தண்ணீரும் தேங்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஊருக்குள் தொங்கும் கரண்ட் வயர், திருவிழாவுக்குப் போட்ட ஆர்ச், இரண்டையும் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வேறு சரக்கு என்றால் வயர் உரசித் தார்ப்பாய் கிழிவதோடு போகலாம். பட்டாசுக்கு ஒரு பொறி போதும்.

3. ஓரத்தை நம்பாதீர்கள். இது கரிசல் பூமி. கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும் மண், ஐப்பசி மழைக்குப் பிறகு டயரை அச்சுவரை இழுத்துக்கொள்ளும். உயரமாக அடுக்கிய வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. எதிரே பஸ் வந்தால் தாரை விட்டு இறங்காமல் ஒதுங்க முடிகிற அகலம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கிளம்பாதீர்கள். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், கூட்டமுள்ள ஹோட்டல் பக்கத்தில் பட்டாசு லோடை நிறுத்தவே கூடாது. ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் வண்டியிடம் இருக்க வேண்டும்.

5. காலையிலும் மாலையிலும் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் நேரத்தைத் தவிருங்கள். அந்த வேன்களில் இருப்பவர்கள் நம் அக்கா தங்கச்சிமார்தான். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி நோக்கி ராத்திரியெல்லாம் ஜனங்கள் நடப்பார்கள். சாத்தூர் பக்கம் அன்றைக்கு லோடு வேண்டாம்.

6. கேரளாவுக்குத் திருவேங்கடம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகப் போய், புளியரை எஸ் வளைவைப் பகல் வெளிச்சத்தில் ஏறுங்கள். ஆரியங்காவு தாண்டி இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள். பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்திலும் அப்படித்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மைசூருக்கு என்று திம்பம் பக்கம் திரும்பாதீர்கள். அங்கே கொண்டை ஊசி வளைவே 27.

7. புது வழி என்றால், அந்தப் பக்கமிருந்து வந்த லாரிக்காரரைக் கேளுங்கள். அப்படியும் தப்பான தெருவில் நுழைந்துவிட்டால், முன்னே எங்கேயாவது திரும்பிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அங்கேயே நிறுத்தி, கிளீனரைப் பின்னால் இறக்கிவிட்டு, அவர் கை காட்டக் காட்ட ரிவர்ஸ் எடுங்கள்.