என்டர் தட்டும் முன் பெட்டியைப் பாருங்கள்

அசோக் பில்லருக்கு அருகில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்குக்காக, கல்லூரி முடித்த புதிதில் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கணக்கு எழுதுபவர் கீழ்வீட்டு மாமா. ஒருநாள் மாலை, "தம்பி, ஏப்ரல் மாசக் கணக்கையே காணோம்ப்பா!" என்று வந்து நின்றார்.

ஓர் எண்ணைத் திருத்த டெலிட் கீயைத் தட்டியிருக்கிறார். ஆனால் தேர்வாகியிருந்தது எண் அல்ல, முழு மாதம். "அழிக்கலாமா?" என்று டயலாக் பாக்ஸ் வந்தது. அவர் கண் கீபோர்டில் இருந்தது. வழக்கம்போல் என்டர் தட்டினார். அவ்வளவுதான். ரசீதுகளை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை இருவரும் மீண்டும் டைப் செய்தோம்.

தவறு என்னுடையது. விண்டோஸில் இத்தகைய கேள்விப் பெட்டியை உருவாக்கும்போது புரோகிராமர் வேறு எதுவும் சொல்லாவிட்டால், முதல் பட்டனே டிஃபால்ட் பட்டன் ஆகிவிடும். என்டர் தட்டினால் அதுதான் இயங்கும். என் பெட்டியில் முதல் பட்டன் 'யெஸ்'.

பெட்டி திறந்தவுடன் கீபோர்டு அதன் வசம் போய்விடும். இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் கீயுடன் ஆர் எழுத்தை அழுத்துங்கள். ரன் பெட்டி திறக்கும். அதில் ஏதாவது ஒரு சொல்லை டைப் செய்துவிட்டு, டேப் கீயை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். ஓகே, கேன்சல், பிரவுஸ் என்று தேர்வு நகரும். ஷிப்ட், டேப் சேர்த்துத் தட்டினால் பின்னோக்கி நகரும். கேன்சலில் நிற்கும்போது என்டர் தட்டினால் ஓகே அல்ல, கேன்சல்தான் இயங்கும்.

மற்ற கீகள் செய்யும் வேலை இவை:

* ஸ்பேஸ்பார்: செக் பாக்ஸில் டிக் போடும், எடுக்கும். தேர்வான பட்டனையும் அழுத்தும்.
* அம்புக்குறி கீகள்: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டப் பட்டன்களில் நகர்த்தும்.
* ஆல்ட் கீயுடன் அடிக்கோடிட்ட எழுத்து: அந்தப் பட்டனை நேரே இயக்கும். கோடு தெரியாவிட்டால் ஆல்ட் கீயை அழுத்திப் பாருங்கள்.
* எஸ்கேப்: கேன்சலுக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. யெஸ், நோ இரண்டு மட்டும் உள்ள கேள்விப் பெட்டியில் எஸ்கேப் பொதுவாக வேலை செய்யாது. அங்கே ஆல்ட் இல்லாமல் ஒய் அல்லது என் எழுத்தைத் தட்டினாலே போதும். கீபோர்டைப் பார்த்தபடி கடிதம் டைப் செய்பவருக்கு இது ஆபத்து. கடிதத்துக்கென்று தட்டிய எழுத்து, பெட்டிக்குப் பதிலாகிவிடலாம்.

எனவே டிங் என்று ஒலி கேட்டாலோ, எழுத்து விழாமல் நின்றாலோ கையை எடுங்கள். கேள்வியைப் படியுங்கள். பிறகு பட்டனைத் தேர்ந்தெடுங்கள்.

மறுநாளே என் புரோகிராமில் 'நோ' பட்டனை டிஃபால்ட் ஆக்கினேன். ஒரே ஒரு வரி மாற்றம்தான். மாமாவும் இப்போது பெட்டி வந்தால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேள்வியை வாய்விட்டுப் படித்த பிறகே கீயைத் தொடுகிறார்.